கடலடி கண்ட கூஸ்தோ

கடலின் மேற்பரப்பில் கலம் செலுத்த மனிதன் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கற்றுக்கொண்டான். கடலுக்குள் இறங்கும் கலையோ நெடுங்காலம் ஒரு மூச்சின் அளவிலேயே நின்றது. மன்னார் வளைகுடாவிலும் பாரசீக வளைகுடாவிலும் முத்துக் குளித்தோர் கல்லின் எடையால் விரைந்து கீழிறங்கினர். சிப்பிகளை அள்ளிக்கொண்டு, மூச்சு முடியுமுன் மேலேறினர். பின்னர்ச் செம்புத் தலைக்கவசமும் ஈயக் காலணியும் அணிந்து இறங்கும் முறை வந்தது. அவ்வாறு இறங்கியவருக்கு மேலே நின்ற படகிலிருந்து குழாய் வழியே காற்று வந்தது. முளையில் கட்டிய கன்று கயிற்றின் நீளத்துக்குள் மேய்வதுபோல, அவர் குழாயின் நீளத்துக்குள் நடந்தார். மீனைப் போலத் திரும்பவும், ஒரு பவளக்கிளையின் முன்னே மிதந்து நின்று அதை உற்றுநோக்கவும் அவரால் இயலவில்லை.

இந்நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் பிரெஞ்சுக் கடற்படை அலுவலர் ஜாக் ஈவ் கூஸ்தோ. இன்று செங்கடலிலும் கரீபியக் கடலிலும் பவளப்பாறைகளைக் காண இறங்குவோர் பயன்படுத்தும் மூச்சுக்கருவி, அவரும் அவர் நண்பரும் உருவாக்கிய கருவியின் வழிவந்தது. அவர்கள் விரும்பிச் செல்லும் இடங்கள் சிலவற்றை உலகுக்குக் காட்டியவரும் அவரே. அதே பாறைகளுக்குத் தம் கையாலேயே ஊறு செய்தவரும் அவரே. புகழுரைகள் பெரும்பாலும் இந்த மூன்றாவது செய்தியை விட்டுவிடுகின்றன. அதை விட்டுவிட்டால் அவர் வாழ்வின் பிற்பகுதி விளங்காது.

கண்ணாடி காட்டிய உலகம்

கூஸ்தோ 1910ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள், பிரான்சின் தென்மேற்கே போர்தோ நகருக்கு அருகிலுள்ள சேன் ஆந்த்ரே தெ கியூப்சாக் என்னும் சிற்றூரில் பிறந்தார். சிறுவயதிலேயே அவருக்கு இரண்டு பற்றுகள் இருந்தன: ஒன்று நீர், மற்றொன்று திரைப்படக் கருவி. பதின்மூன்று வயதில் சேமித்த பணத்தில் ஒரு படக்கருவியை வாங்கினார். இவ்விரு பற்றுகளும் ஒன்றாகச் சேர மேலும் பல ஆண்டுகள் ஆயின.

1930இல் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்த அவருடைய விருப்பமெல்லாம் வானூர்தி ஓட்டுவதில் இருந்தது. 1936இல் நேர்ந்த மகிழுந்து விபத்து அந்த விருப்பத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. கைகள் இரண்டும் முறிந்தன. முறிந்த கைகளுக்கு வலுவூட்டத் தூலோன் துறைமுகத்தை அடுத்த கடலில் நாள்தோறும் நீந்தினார். உடன் பணியாற்றிய பிலிப் தாயே என்னும் அலுவலர், நீரடியில் பார்க்க உதவும் கண்ணாடி ஒன்றை அவருக்கு இரவல் கொடுத்தார்.

அதை அணிந்து கூஸ்தோ முகத்தை நீரில் ஆழ்த்தினார். கற்களும் பாசிகளும் மீன்களும் தெளிவாகத் தெரிந்தன. தலையைத் தூக்கினார், கரையில் வண்டிகளும் மக்களும் விளக்குக் கம்பங்களும் தெரிந்தன. மீண்டும் தலையைத் தாழ்த்தியபோது நகரம் மறைந்து, வேறோர் உலகம் விரிந்தது. தம் வாழ்க்கை மாறிய நாளாக அவர் பின்னாளில் கருதியது அந்நாளையே. தாயே, பிரெதெரிக் துய்மா, கூஸ்தோ ஆகிய மூவரும் இணைபிரியாத் தோழராயினர். அக்காலத்தில் மூவரும் நீரடியில் ஈட்டிகொண்டு மீன் வேட்டையாடுவோராகவே இருந்தனர் என்பதும் இங்குக் குறிக்கத்தக்கது.

மூச்சுக்கருவி பிறந்த கதை

நீரடியில் நெடுநேரம் தங்குவதற்குக் காற்று வேண்டும். ஆனால் புட்டியில் காற்றை அடைத்து எடுத்துச் சென்றால் மட்டும் போதாது. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் நீரின் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. பத்து மீட்டரில் மார்பின்மீது இருமடங்கு அழுத்தம். முப்பது மீட்டரில் நான்கு மடங்கு. சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்கு இணையான அழுத்தத்தில் காற்று வந்தால்தான் நுரையீரல் விரியும். ஆழத்துக்கு ஏற்பவும், மூச்சை உள்ளிழுக்கும்போது மட்டுமே திறக்கும் வகையிலும் காற்றை அளந்து தரும் அடைப்பிதழ் ஒன்று தேவைப்பட்டது. கூஸ்தோ முதலில் தூய ஆக்சிஜனைக் கொண்டு முயன்றார். ஆழத்தில் ஆக்சிஜனே நஞ்சாகும் என்பதை அவர் உடல் வலிப்பு வாயிலாக உணர்ந்தது. அவர் இருமுறை உயிர் தப்பினார்.

அப்போது இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. செருமானியப் படையின் பிடியில் இருந்த பிரான்சில் பெட்ரோல் அரிதாயிற்று. மகிழுந்துகள் எரிவளியால் ஓடின. அந்த எரிவளியை இயந்திரத்துக்கு அளவாகச் செலுத்தும் அடைப்பிதழ் ஒன்றை எமில் கான்யான் என்னும் பொறியாளர் உருவாக்கியிருந்தார். கூஸ்தோவின் மனைவி சிமோனின் தந்தை, கான்யான் பணியாற்றிய வளி நிறுவனத்தில் உயர்பொறுப்பில் இருந்தவர். அந்த உறவால் 1942இன் இறுதியில் இருவரும் பாரிசில் சந்தித்தனர். மகிழுந்துக்காகச் செய்த உறுப்பு மனிதனின் மூச்சுக்குப் பயன்படும் என்பதைக் கான்யான் விரைவிலேயே கண்டுகொண்டார்.

முதல் சோதனை 1943இன் குளிர்காலத்தில் பாரிசுக்கு அருகே மார்ன் ஆற்றில் நடந்தது. கூஸ்தோ கிடைமட்டமாக நீந்தியபோது கருவி நன்றாக இயங்கியது. நிமிர்ந்தபோது காற்று வீணாகக் கொப்பளித்து வெளியேறியது. தலைகீழானபோது மூச்சே கிடைக்கவில்லை. காற்று வெளியேறும் வாயும் உள்வரும் வாயும் வெவ்வேறு உயரத்தில் இருந்ததால் அவற்றின்மீது நீரின் அழுத்தம் வேறுபட்டதே காரணம் என்று இருவரும் உணர்ந்தனர். இரண்டையும் அருகருகே அமைத்தனர், குறை நீங்கியது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் பந்தோல் ஊரை அடுத்த மத்தியதரைக் கடலில் கூஸ்தோ மீண்டும் இறங்கினார். குட்டிக்கரணம் அடித்தார், ஒரு விரலை ஊன்றித் தலைகீழாக நின்றார். மூச்சு தடையின்றி வந்தது. கயிறும் குழாயும் இன்றி மனிதன் கடலுக்குள் நடமாடத் தொடங்கினான். இன்று ஸ்கூபா என்னும் பெயரால் உலகம் அறிந்த நீர்மூழ்கலுக்கு இக்கருவியே அடிப்படை.

இந்த விடுதலைக்கு விலையும் இருந்தது. ஆழம் கூடும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் மூளையை மயக்கும்; மூழ்கியவருக்கு அச்சம் அற்றுப்போய், கள்வெறி கொண்டவர்போல் நடக்கத் தோன்றும். 1947இல் ஆழத்தின் எல்லையை அறிய நடந்த முயற்சியில் மோரிஸ் பார்க் என்னும் தோழர், 120 மீட்டரில் தொங்கவிட்ட பலகையில் தம் கையெழுத்தை இட்டார். கயிற்றை மேலே இழுத்தபோது அவரை உயிருடன் மீட்க இயலவில்லை. கூஸ்தோவின் குழுவினர் அதன்பின் ஆழத்தைப் பந்தயப் பொருளாகக் கருதுவதைக் கைவிட்டனர்.

செங்கடலின் பவளத்தோட்டம்

1950இல் கலிப்சோ என்னும் கப்பல் கூஸ்தோவுக்குக் கிடைத்தது. போர்க்காலத்தில் கண்ணிவெடி அகற்ற அமெரிக்காவில் கட்டப்பட்ட மரக்கப்பல் அது. போருக்குப் பின் மால்டாத் தீவில் பயணிகளை ஏற்றிச் சென்றது. செல்வந்தர் ஒருவர் அதை விலைக்கு வாங்கி, ஆண்டுக்கு ஒரு பிராங்கு வாடகைக்குக் கூஸ்தோவிடம் ஒப்படைத்தார். 1951இன் இறுதியில் கலிப்சோ தன் முதல் பெரும்பயணமாகச் செங்கடலை நோக்கிச் சென்றது. அரேபியக் கரையை அடுத்த பராசான் பவளத்திட்டுகளில் அறிவியலாளரும் மூழ்காளரும் இறங்கினர்.

செங்கடலைத் தேர்ந்தெடுத்ததற்குத் தகுந்த காரணம் உண்டு. அக்கடலில் ஆண்டு முழுதும் நீரோடும் ஆறு எதுவும் கலப்பதில்லை. எனவே வண்டல் இல்லை, நீர் பளிங்குபோல் தெளிந்திருக்கும். பவளத்துக்கு வேண்டியது இதுவே. பவளப்பாறை பாறைபோல் தோன்றினாலும் உயிர்களின் உழைப்பால் எழுந்தது. குன்றிமணி அளவேயான சிற்றுயிர்கள் கூட்டமாக வாழ்ந்து, கடல்நீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்துத் தமக்கு இருக்கை அமைத்துக்கொள்கின்றன. அவற்றின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அப்பாசிகள் கதிரொளியால் உணவு சமைத்து, அதில் பெரும்பங்கைப் பவளத்துக்கு அளிக்கின்றன. ஆகவேதான் இப்பாறைகள் ஒளி எட்டும் ஆழத்திலேயே தழைக்கின்றன. உருண்டைப் பவளம் ஒன்று ஓராண்டில் வளர்வது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அளவே. ஆள் உயரப் பவளம் ஒன்றின் வயது நூறாண்டுக்கு மேல் இருக்கலாம்.

அந்தத் தோட்டத்தின் வண்ணத்தையும் கூஸ்தோவின் குழுவினரே பலருக்குக் காட்டினர். நீர் முதலில் செந்நிறத்தையே விழுங்குகிறது. சில மீட்டர் ஆழத்துக்குக் கீழே குருதியும் பச்சையாகவே தோன்றும். குழுவினர் மின்விளக்குகளைக் கீழே கொண்டுசென்று ஏற்றியபோது, நீலமும் சாம்பலுமாக இருந்த சுவர் செம்மையும் மஞ்சளும் ஊதாவுமாக ஒளிர்ந்தது.

படமும் வெடியும்

1953இல் கூஸ்தோவும் துய்மாவும் எழுதிய மௌன உலகம் என்னும் நூல் வெளிவந்து பல மொழிகளில் பரவியது. அதே பெயரில் 1956இல் திரைப்படமும் வந்தது. இருபத்து மூன்று வயது இளைஞரான லூயி மால் இணை இயக்குநர். கான் திரைவிழாவின் முதன்மைப் பரிசையும் அடுத்த ஆண்டு ஆஸ்கர் விருதையும் அப்படம் பெற்றது. கடலையே பார்த்திராத மக்கள் அதில் பவளப்பாறையைக் கண்டு வியந்தனர். இந்தியப் பெருங்கடலின் அசம்ப்ஷன் தீவருகே களவா மீன் ஒன்று மூழ்காளரின் பின்னாலேயே நாய்க்குட்டிபோலத் திரிந்த காட்சி பலர் நெஞ்சில் நின்றது.

அதே படத்தில் வேறு காட்சிகளும் உள்ளன. ஒரு பவளப்பாறையில் எத்தனை வகை மீன்கள் வாழ்கின்றன என்று கணக்கெடுக்க, குழுவினர் அதில் வெடி வைக்கின்றனர். நீர் எழும்பி அடங்குகிறது. இறந்த மீன்களில் சிலவே மேலே மிதக்கின்றன. மற்றவை அடியில் குவிந்து கிடக்கின்றன. அறிவியலுக்காக என்னும் விளக்கத்துடன் அவற்றை அள்ளி வரிசைப்படுத்துகின்றனர். மற்றொரு காட்சியில், கப்பலின் சுழல்விசிறியில் அடிபட்ட திமிங்கிலக் குட்டி ஒன்றைக் கொன்று வலியைத் தீர்க்கின்றனர். அதன் உடலைத் தின்னச் சுறாக்கள் வருகின்றன. அவற்றைக் கொக்கியால் இழுத்துக் கப்பல்தளத்தில் போட்டு, வெறிகொண்டவர்போல் அடித்துக் கொல்கின்றனர்.

படம் வெளிவந்த காலத்தில் இவற்றைக் குறையாகக் கண்டவர் மிகச் சிலரே. கடல் வற்றாத களஞ்சியம் என்றே அக்காலத்தினர் எண்ணினர். கூஸ்தோவும் அவர்களுள் ஒருவர். அதனால் அச்செயல் நன்றாகிவிடாது. வெடித்த பாறை மீண்டும் வளரும் காலக்கணக்கைப் பராசானில் இறங்கிய அக்குழு அறியாதிருந்ததென்றும் சொல்ல இயலாது.

அதே படத்தில் இடம்பெற்றது திசில்கார்ம் என்னும் பிரித்தானியச் சரக்குக் கப்பல். எகிப்தின் ராஸ் முகமது முனைக்கு மேற்கே, 1941 அக்டோபர் 6ஆம் நாள் செருமானிய வானூர்திகளின் குண்டுவீச்சில் அது மூழ்கியது. ஒன்பது பேர் உயிரிழந்தனர். ஏறத்தாழ 30 மீட்டர் ஆழத்தில், போருக்காக ஏற்றிய சரக்குந்துகளும் மோட்டார் சைக்கிள்களும் காலணிகளும் அடுக்கியபடியே கிடந்ததைக் கூஸ்தோவின் குழு கண்டது. படத்தில் அதன் இருப்பிடம் கூறப்படவில்லை. 1990களின் தொடக்கத்தில் அது மீண்டும் கண்டறியப்பட்டது; இன்று உலகின் புகழ்பெற்ற மூழ்குதலங்களுள் ஒன்று. வருவோர் படகுகளைக் கப்பலிலேயே கட்டியதால் அதன் இரும்பு பெயர்ந்தது. சிலர் நினைவுப்பொருளாகப் பலவற்றை எடுத்தும் சென்றனர். கண்டவர் எல்லாம் காப்பவராக இருப்பதில்லை.

கடலடியில் ஒரு வீடு

1957இல் மொனாக்கோவின் கடலாய்வு அருங்காட்சியகத்துக்குக் கூஸ்தோ இயக்குநரானார். மனிதன் கடலடியில் குடியிருக்க முடியுமா என்னும் வினா அவரை ஆட்கொண்டது. 1962இல் மார்செய் கடலில் இருவர் ஒரு வாரம் தங்கிப் பார்த்தனர். அடுத்த ஆண்டு, சூடான் நாட்டின் போர்ட் சூடானுக்கு வடக்கே உள்ள ஷாப் ரூமி என்னும் பவளப்பாறையில் ஒரு சிற்றூரே எழுந்தது.

நடுவே விண்மீன் வடிவில் ஒரு வீடு. அதன் ஆழம் 10 மீட்டர். ஐவர் அதில் ஒரு மாதம் வாழ்ந்தனர். காற்றில் கேடு உண்டானால் முன்னதாகத் தெரியும்பொருட்டு ஒரு கிளியையும் உடன் வைத்திருந்தனர். அந்த வீட்டின் வாயில் அடித்தளத்தில் திறந்தே இருந்தது. ஆயினும் நீர் உள்ளே புகவில்லை. வீட்டுக்குள் இருந்த காற்று வெளியே உள்ள நீரின் அழுத்தத்துக்கு இணையாக இருந்ததே அதற்குக் காரணம். கவிழ்த்த குவளையை நீரில் அமிழ்த்திப் பார்ப்போர் இதை எளிதில் அறியலாம். இன்னும் ஆழமான சிற்றறையில் இருவர் ஒரு வாரம் தங்கினர். தட்டு வடிவான சிறு நீர்மூழ்கி ஒன்றை நிறுத்தக் கவிழ்ந்த கிண்ணம் போன்ற கொட்டகையும் அமைந்தது. சிமோனும் சில நாள் அவ்வீட்டில் தங்கினார். கலிப்சோவின் பயணங்களில் கணவரைவிட மிகுதியான நாள்களைக் கடலில் கழித்தவர் அவர். ஆனால் படங்களில் அவர் முகம் அரிதாகவே தெரியும்.

இப்பணியைப் பதிவுசெய்த படம் கூஸ்தோவுக்கு மீண்டும் ஆஸ்கர் விருதைத் தந்தது. ஆயின் இத்திட்டத்துக்குப் பணம் தந்தோருள் பெட்ரோலியத் தொழில்துறையும் இருந்தது. கடலடியில் மனிதன் வாழ்வது எதற்காக என்னும் கேள்விக்கு, அங்குள்ள வளங்களை எடுப்பதற்காக என்பதே அன்றைய விடை. 1965இல் மூன்றாம் சோதனை 100 மீட்டர் ஆழத்தில் நடந்தது. அதன்பின் கூஸ்தோ இம்முயற்சியைத் தொடரவில்லை.

நோக்கு மாறிய காலம்

மாற்றம் ஒரே நாளில் வந்ததன்று. 1960இல் கதிரியக்கக் கழிவை மத்தியதரைக் கடலில் கொட்டப் பிரெஞ்சு அணுவாற்றல் துறை திட்டமிட்டபோது கூஸ்தோ வெளிப்படையாக எதிர்த்தார்; மக்களும் எழுந்தனர்; திட்டம் கைவிடப்பட்டது. அதைவிட ஆழமாக அவரைத் தைத்தது வேறொன்று. தாம் இளமையில் இறங்கிய இடங்களுக்கு மீண்டும் மீண்டும் திரும்பிச் சென்றபோது, முன்பு மீன்கள் திரண்டிருந்த பாறைகள் வெறிச்சோடிக் கிடந்தன. அவற்றின் பழைய நிலையைக் கண்ணாரக் கண்டவர் உலகில் சிலரே இருந்தனர். அவர்களுள் அவர் ஒருவர். ஒப்பிட்டுப் பார்க்க அவரிடம் பழைய படச்சுருள்களும் இருந்தன.

1968 முதல் தொலைக்காட்சித் தொடர் வழியாக அவர் இல்லங்கள்தோறும் நுழைந்தார். செந்நிறக் குல்லாயும் மெலிந்த முகமும் கொண்ட அவரைப் பல நாட்டுச் சிறுவர்கள் அறிந்திருந்தனர். அந்தப் பயணங்களின் ஊடே 1971இல் கலிப்சோ கரீபியக் கடலில் பெலீசு நாட்டின் பெரும் நீலக்குழிக்குச் சென்றது. வட்டமான பவளத்திட்டின் நடுவே ஏறத்தாழ 300 மீட்டர் அகலமும் 120 மீட்டருக்கு மேல் ஆழமும் கொண்ட குழி அது. உள்ளே இறங்கியவர்கள் நீருக்கடியில் சுவரிலிருந்து சுண்ணக்கல் விழுதுகள் தொங்குவதைக் கண்டனர். சொட்டுநீர் காற்றில் விழுந்தால்தான் அத்தகைய விழுது உருவாகும். ஆகவே பனியூழியில் கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது அக்குழி உலர்ந்த குகையாக இருந்தது என்பது தெளிவாயிற்று. அப்படத்துக்குப் பின் அவ்விடம் மூழ்காளர்களின் கனவுத் தலமாயிற்று. பெலீசின் பவளத்தடுப்புப் பாறைத் தொகுதி 1996இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

1973இல் கடலைக் காப்பதற்காக அவர் ஒரு கழகத்தை நிறுவினார். அண்டார்டிகாவில் சுரங்கம் தோண்டுவதைத் தடுக்கக் கையெழுத்துகளைத் திரட்டி, நாட்டுத் தலைவர்களைச் சந்தித்தார். 1991இல் அதற்குத் தடை விதிக்கும் உடன்பாடு உருவாயிற்று. வெடிவைத்த காட்சியைக் காட்டி அவரைக் குறைகூறியோர் இருந்தனர். அப்படம் அழிக்கப்படவில்லை, அது இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. கடலின் காவலர் ஒருவர் தம் பழைய செயலுக்குத் தாமே சான்றளித்து நிற்பது அரிய நிகழ்வே.

இறுதி ஆண்டுகள் துயரம் மிக்கவை. படப்பிடிப்பில் வலக்கையாக விளங்கிய இளைய மகன் பிலிப், 1979இல் லிஸ்பன் அருகே வானூர்தி விபத்தில் இறந்தார். சிமோன் 1990இல் மறைந்தார். 1996 ஜனவரியில் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் ஒரு சரக்குப் படகு மோதிக் கலிப்சோ மூழ்கியது. அதற்கு அடுத்த ஆண்டு ஜூன் 25ஆம் நாள், தம் 87ஆம் வயதில் கூஸ்தோ பாரிசில் காலமானார். பிறந்த ஊரிலேயே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

ஷாப் ரூமியில் விண்மீன் வீடு இப்போது இல்லை. நீர்மூழ்கியை நிறுத்திய கவிழ்கிண்ணக் கொட்டகை மட்டும் கால்களை ஊன்றி நிற்கிறது. அதன் வெளிப்புறமெங்கும் பவளமும் கடற்பஞ்சும் படர்ந்துள்ளன. சற்று ஆழத்தில் கிடக்கும் சுறாக்கூண்டின் கம்பிகளையும் பவளம் போர்த்திவிட்டது. அங்கு இறங்கும் மூழ்காளர்கள் அடிப்புறத் திறப்பின் வழியே கொட்டகைக்குள் நுழைகின்றனர். அவர்கள் வெளிவிடும் மூச்சு குமிழ்குமிழாக எழுந்து கூரையின் உட்புறத்தில் தேங்குகிறது.